வடிவத்தைத் தொடாதே என்றேன்

என் நாச்சிமுத்துவுக்கு, என் மாப்பிள்ளைக்கு,

நீ செத்துப் பத்து மாதம் ஆகிறது. காலமானாய் என்று எழுதக் கை வரவில்லை. இருபத்தைந்து அடி நீள இறக்கை ஒன்று கோபுரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து உன்னை அடித்துக் கொன்றது. அந்த இறக்கையின் வடிவத்தை வரைந்தவன் நான்.

வைகாசி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று நுழையத் தொடங்கிவிட்டது. பல்லடத்துக்குத் தெற்கே நாம் நிறுத்திய மூன்று காற்றாலைகளில் ஒன்று உன்னோடு விழுந்தது. மற்ற இரண்டின் இறக்கைகளும் அதே அச்சில் செய்தவை, அதே கையால் முடித்தவை. அவற்றின் கீழே வெங்காயக் காடு. காட்டில் ஆட்கள். அவை ஓடினால் இன்னொரு ஆள் உன்னைப் போலக் கிடப்பார். நான் இதை எழுதுவது அதற்காகத்தான். அழுவதற்காக இல்லை.

பஞ்சாலை முதலாளி உனக்கு நினைவு மலர் போடப்போகிறாராம். அட்டையில் உன் படம், உள்ளே அவர் படம், இருபத்தோராம் நூற்றாண்டின் மின்சாரத்துக்காக உயிர் கொடுத்த தியாகி என்று தலைப்பு. படம் கேட்டு உன் பொண்டாட்டி, என் தங்கை சரசுவிடம் ஆள் அனுப்பினார். தியாகி என்று சொல்லி உன் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை. அதனால் அந்த மலருக்கு முன்னால் என் கடிதம் வரட்டும் என்று முடிவு செய்தேன். இதை அச்சடித்துத் துடியலூரில் உன் பட்டறை வாசலிலும், அந்த வெங்காயக் காட்டுப் பக்கம் டீக்கடைகளிலும் கொடுக்கப்போகிறேன். உன் குற்றமும் இதில் இருக்கிறது. என்னுடையதும் இருக்கிறது. நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

ஊரார் முன்னால் உன்னை 'வாங்க மாப்பிள்ளை' என்பேன். தங்கையைக் கட்டியவனுக்கு அந்த மரியாதை கொடுத்தாக வேண்டும். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். பட்டறைக்குள் வந்துவிட்டால் நீ, நான், வாடா, போடா. நீ என்னைப் பன்மையில் கூப்பிட்டால் என் மேல் ஏதோ மனக்குறை என்று எனக்குத் தெரியும்.

நான் பெங்களூரில் பதினாறு வருடம் விமான இறக்கை வரைந்தவன். என் வரைபடத்துக்குக் கீழே வேறொருவன் தன் பெயரை எழுதிக்கொண்டான். அவன் மேசையை அப்படியே தூக்கிக் கவிழ்த்துவிட்டு ஊருக்கு வந்தேன். அவன் முகம் இன்றைக்கும் கனவில் வரும். கனவில் மேசையோடு நிறுத்துவதில்லை. நீ அப்போது பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இரும்புச் சக்கரம், இம்பெல்லர், தேய்த்துக்கொண்டிருந்தாய். ஆலைக்காரர்கள் எல்லாம் வரிச் சலுகைக்காகக் காற்றாலை வாங்கிக் குவித்த நேரம். வெளிநாட்டு இறக்கைக்குப் பதிலாக நம் ஊரிலேயே செய்தால் என்ன என்று முதலாளி கேட்டார். வடிவம் நான், செய்கை நீ என்று இறங்கினோம்.

முதல் நாள் இறக்கையின் குறுக்குவெட்டை வரைந்து உன்னிடம் காட்டினேன்.

"இதென்ன மச்சா, மாங்காக் கீத்தாட்ட இருக்குது? உப்பு மொளகாப்பொடி இருந்தா கொண்டாரட்டுமா?"

"இந்தக் கீத்துலதான்டா கரண்டே இருக்குது. மேல்முதுகு உப்பலா இருக்குதில்ல? காத்து அதுமேல வேகமா ஓடும். ஓடற பக்கம் இழுக்கும். அந்த இழுப்புலதான் சுத்துது."

"அப்பக் காத்து தள்ளறதில்லீங்கறயா? இத்தனை நாளா என்னை ஏமாத்திப்போட்டாங்களே!"

அதன் பிறகு இருவரும் வெளிநாட்டுக் காற்றாலை ஒன்றில் ஏறி அதன் இறக்கையைத் தடவிப் பார்த்தோம். முன்விளிம்பு முழுக்கப் பூச்சியும் செம்மண் புழுதியும் அப்பியிருந்தன. நீ நகத்தால் சுரண்டி, "இத்தனை கொசுவையும் வழிச்செடுத்தா ஒரு படி தேறும் மச்சா" என்றாய். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. அது விமான வடிவம். மேகத்துக்கு மேலே சுத்தமான காற்றில் பறக்கிற சாதிக்கு வரைந்தது. முன்விளிம்பில் ஒரு மணல் தடிமனுக்கு அழுக்கு ஒட்டினால் போதும், மேல்முதுகில் காற்று முன்னதாகவே பிரிந்துவிடும். இழுப்பு பாதியில் செத்துவிடும்.

நான் ஒரு வருடம் உட்கார்ந்து அழுக்கைச் சட்டை செய்யாத வடிவம் ஒன்றை வரைந்தேன். முன்விளிம்பைக் கொஞ்சம் மொத்தமாக்கினேன். காற்று கலங்கத் தொடங்கும் இடத்தை நானே முன்னுக்கு இழுத்து வைத்தேன். எப்படியும் கலங்கப்போகிறது என்றால் அது நான் சொன்ன இடத்தில் கலங்கட்டும். நுனிக்கு மெல்லிய கீற்று, நடுவுக்கு அதைவிடத் தடித்தது, அடியில், காற்றாலையோடு பொருந்தும் இடத்தில், வெறும் உருளை, அதைப் பிடிக்க இரும்புக் கழுத்து. சொன்னால் அகம்பாவம் என்பார்கள், சொல்கிறேன். அது நல்ல வடிவம். ஓடிய இரண்டு மாதத்தில், பக்கத்துக் காற்றாலைகள் பூச்சி ஒட்டித் தளர்ந்தபோது நம்முடையவை தளரவில்லை. அதை நீயும் பார்த்தாய். இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாய்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய்.

ஒன்பது இறக்கைகளையும் கண்ணாடி நார்த் துணியில் ரெசின் தடவிக் கையால் அடுக்கிச் செய்தோம். கைவேலை என்பதால் ஒன்று போல ஒன்று எடை வரவில்லை. ஒரு காற்றாலைக்கு மூன்று இறக்கை. மூன்றில் ஒன்று கனத்தால் சுற்றும்போது மொத்தமும் உதறும். இளைத்த இறக்கைக்குள் ஈயம் ஊற்றிச் சமன் செய்ய வேண்டும். கனத்ததைக் குறைக்கக் கூடாது, ஏனென்றால் அதில் இருப்பதெல்லாம் நார், நாரை அறுத்தால் பலம் போய்விடும். இது எனக்குப் பாலபாடம். பாலபாடம் என்பதால் வரைபடத்தில் எழுதவில்லை. எழுதவில்லை, மாப்பிள்ளை. வளைவுக்கு நூறு புள்ளி குறித்துக் கொடுத்த நான் இந்த ஒரு வரியை எழுதவில்லை.

நீ கேட்டாய். அதை நான் மறைக்க மாட்டேன். நான் ஒட்டுப்பலகையில் வெட்டிய அளவுச்சட்டத்தை இறக்கை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. என் தலைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நீ வந்தாய்.

"மச்சா, இதுல ஒன்னு கனமா இருக்குதே. என்ன பண்றது?"

நான் சட்டத்தைத் தூக்கி உன் மேல் எறிந்தேன். அதன் கூர்முனை உன் புருவத்தைக் கிழித்தது. பட்டறை ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுப் பார்த்தார்கள்.

"இது உன் பம்பு இம்பெல்லர் இல்லடா, கண்ட எடத்துல வெச்சுத் தேய்க்கறதுக்கு! வடிவத்தைத் தொடாதே. வடிவத்துல கை வெச்சே, கையை வெட்டிப்போடுவேன்!"

நீ ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாய். "செரிங்க மச்சான்" என்றாய். அந்த 'ங்க' என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஈரோட்டுக்குப் போனேன். அங்கே நார்த்துணி நெய்து கொடுத்தவனோடு தரத்துக்காகச் சண்டை. மூன்று நாள் அவன் தறிக் கொட்டகையில் நின்று கத்தினேன். நான் இல்லாதபோது முதலாளி வந்து பூசைக்கு நாள் குறித்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் ஒன்பது இறக்கையும் வெள்ளை வெளேரென்று முடிந்து நிற்கிறது. ஒவ்வொரு காற்றாலைக்கும் மூன்று மூன்றாக எடை ஒத்திருக்கிறது.

"எப்படிடா பண்ணினே?"

"ஆயிருச்சுங்க மச்சான்."

நான் சட்டத்தை எடுத்து ஒவ்வொரு வளைவாக வைத்துப் பார்த்தேன். இடைவெளி எங்குமே இல்லை. மனம் குளிர்ந்தது. அடி உருளையை நான் பார்க்கவே இல்லை. அங்கே வடிவம் இல்லையே, நான் எதற்குப் பார்க்க?

ஆடி மாதம் அந்த மத்தியானம் காற்று உறுமிக்கொண்டு வந்தது. பனைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. நாம் இருவரும் வரப்பில் நின்று சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தோம். மேலே தடக், தடக் என்று ஒரு சத்தம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. நீ பொட்டலத்தைப் போட்டுவிட்டு எழுந்தாய். என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாய். நான் பின்னால் போய் விழுந்தேன்.

"நீ நில்லு மச்சா, நான் போயிப் பிரேக்கைப் போட்டுட்டு வாரேன்."

கோபுரத்தின் காலடிக்கு ஓடினாய். நீ பிரேக் பெட்டியைத் திறந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வானம் கிழிந்தது போல் ஒரு சத்தம். இறக்கை கழுத்தை ஒட்டி முறிந்து வெளியே பாய்ந்தது. மிச்சம் இரண்டும் நிலைகெட்டுக் கோபுரத்தை உலுக்கின. அவற்றில் ஒன்று கோபுரக் கம்பியில் மோதிச் சிதறியது. முறிந்த இறக்கை காற்றில் ஒருமுறை புரண்டு, நான் கொடுத்த வடிவத்தின் பலத்தில் கொஞ்ச தூரம் மிதந்தது. உண்மையிலேயே மிதந்தது, மாப்பிள்ளை. பிறகு தலைகீழாகக் குத்தி இறங்கி உன்னைப் பெட்டியோடு சேர்த்து அடித்தது. நான் ஓடி வந்தபோது உன் இடுப்புக்குக் கீழே எதுவும் எதுவாகவும் இல்லை. வாயில் இன்னும் சோற்றுப் பருக்கை இருந்தது. அதைத்தான் துடைத்தேன். வேறு எதைத் தொடுவதென்று தெரியவில்லை.

அந்தச் சத்தம் கேட்டதுமே உனக்குத் தெரிந்துவிட்டதா? அடியில்தான் போகிறது என்று தெரிந்துதான் ஓடினாயா? இதை நான் யாரிடம் கேட்க?

சாவு வீட்டுக்குள் நான் கால் வைத்ததும் சரசு எழுந்து வந்தாள். பித்தளைச் சொம்பு கையில் இருந்தது. அதாலேயே என் தலையில் அடித்தாள்.

"கணக்குப் போட்டு என்ற புருசனைக் கொன்னுபோட்டு வந்து நிக்கறீங்களா அண்ணா? நீங்க படிச்ச படிப்புக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா?"

அடிக்கும்போது கூட 'ங்க' போட்டாள். இரண்டு தையல். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் பட்டக்காரரை முதலாளி வரவழைத்தார். அவர் காரை விட்டு இறங்கி, வரைபடத்தைப் பார்த்து, திரும்ப ஏறிவிட்டார். என் வடிவம் பலத்த காற்றில் தேவைக்கு மேல் இழுக்கிறது, அதனால் அடி தாங்கவில்லை என்று அறிக்கை. இறக்கைகளின் கோணத்தை இரண்டு பாகை திருப்பிவிட்டால் இழுப்பு குறையும், மற்ற இரண்டையும் ஓட்டலாம் என்று முடிவுரை. அடி எவ்வளவு தாங்கும் என்று நான் போட்ட கணக்கை அவர் படிக்கவே இல்லை. பெங்களூர்க்காரனுக்கு அடுத்து அவர் பெயரையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். முதலாளி என்னை அழைத்து நாற்காலி போட்டு, காபி கொடுத்து, வேலையை விட்டு அனுப்பினார்.

"உங்க வடிவம் ஆளைத் தின்னுபோட்டுதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. போயிட்டு வாங்க."

முறிந்த இறக்கையை ஆலையின் பஞ்சுக் கிடங்கில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். பார்க்கவேண்டும் என்று நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் மரியாதையாக இல்லை என்றார்கள். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடப்பாரை கொண்டுபோய்ப் பூட்டை உடைத்தேன்.

அடி உருளை அங்கே தனித் துண்டாகக் கிடந்தது. முறிந்த வாயைப் பார்த்தேன். நார் பிய்ந்திருந்தால் துடைப்பம் போல விரிந்திருக்கும். பாதி வட்டத்துக்கு அப்படித்தான் இருந்தது. மற்ற பாதியில் நார் இல்லை. அங்கே சாணை வைத்துத் தேய்த்திருந்தது. ஒரு விரல் ஆழம். அதன் மேல் பள்ளம் தெரியாமல் பட்டி பூசி, மழமழவென்று இழைத்து, வெள்ளை அடித்திருந்தது. பட்டியை நெம்பி எடுத்தேன். கீழே தேய்த்த தடம் ஒரு புள்ளியிலிருந்து விசிறி போலப் பிரிந்து போனது.

கனத்த பக்கத்தை விசிறி போலத் தேய்த்துக் குறைப்பது துடியலூரில் ஒரே ஒரு ஆள். இரும்பு இம்பெல்லரில் அது சரி. நான் உன்னிடம் வடிவத்தைத் தொடாதே என்றேன். நீ வடிவத்தைத் தொடவில்லை. வடிவம் இல்லாத இடமாகப் பார்த்துத் தேய்த்தாய்.

அந்தத் துண்டை உதைத்தேன். உன்னை உதைப்பதாக நினைத்துக்கொண்டு கால் நகம் பெயரும்வரை உதைத்தேன். கேட்டிருக்கலாமே நாயே, இரண்டாம் தடவை கேட்டிருக்கலாமே! புருவத்தில் ஒரு கீறல் பட்டதற்காக எனக்கு 'ங்க' போட்டாயே, அந்த ரோஷத்தை ஒரு வாரம் கழித்துக் காட்டியிருந்தால் என்ன? பிறகு அந்தப் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து, கேட்டவனை அடித்தவன் யார் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அதற்கு உதைக்க எதுவும் இல்லை.

ஒரு இறக்கையில் தேய்த்திருந்தால் மற்ற இரண்டு காற்றாலையிலும் தேய்த்திருப்பாய். கோணத்தைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அறுந்த நார் ஒட்டப்போவதில்லை. துண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் முதலாளியின் கண்ணாடி மேசை மேல் போட்டேன். மேசை உடைந்தது. அவர் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், துண்டைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, செத்தவன் திரும்பி வந்து பேசமாட்டான்னு அவன் தலையில கட்டறீங்களா? உங்க தப்புக்கு உங்க மாப்பிள்ளையா கெடைச்சாரு?"

"தப்பு என்மேலயும் இருக்குதுங்க. அதை அப்புறம் பேசிக்கலாம். ஒரே ஒரு றெக்கையோட அடியைச் சுரண்டிப் பாருங்க. போதும்."

"நாச்சிமுத்து எங்களுக்குத் தியாகிங்க. அவரு பேரைக் கெடுக்க நான் விடமாட்டனுங்க. வைகாசியில ரெண்டும் ஓடும்."

அவர் சட்டையைப் பிடித்தேன். பித்தான்கள் தெறித்தன. நான்கு பேர் என்னைப் படி வழியாக இழுத்துப் போட்டார்கள். உதடு கிழிந்தது. வாசற்காரன், "பாத்துப் போங்க சார்" என்று என் செருப்பை எடுத்துக் கொடுத்தான்.

நேரே காட்டுக்குப் போனேன். காற்றாலைக்கு நேர் கீழே மருதாயி என்று ஒரு அம்மாள் வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். இங்கே உட்காராதீங்கம்மா, மேலே அறுந்து விழும் என்றேன்.

"ஏனுங்கண்ணா, போன வருசம் இது மழை மேகத்தைக் கலைக்குதுன்னாங்க. இந்த வருசம் ஆளைக் கொல்லுதுங்கறீங்க. களை நானெடுக்காட்டி இதுவா எறங்கி வந்து எடுக்கும்?"

"உசுருக்குச் சொல்றேனுங்க."

"போன வாரம் அந்த மெட்ராஸ் கார்க்காரர் மறுக்கா வந்து ஒன்னும் பயமில்லைன்னாருங்க. அவரும் படிச்சவரு, நீங்களும் படிச்சவரு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நாங்க எங்க போயிக் குந்தறது, சொல்லுங்க."

என் உதட்டில் ரத்தம் காய்ந்திருந்ததைப் பார்த்து, "மூஞ்சியக் களுவிட்டுப் போங்க" என்று தண்ணீர்க் குடத்தைக் காட்டினாள்.

என் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அப்போது தெளிவானது. என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார்கள். பாதி உண்மையும் அதுதானே? நான் அப்படிப்பட்டவன்தான். இது நாச்சிமுத்துவின் கை என்று சொன்னால் ஊர் நம்பக்கூடிய ஆள் ஒருத்திதான். சித்திரை முழுக்கத் தயங்கிவிட்டுப் போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன்.

சரசு கதவைத் திறந்து வழியை மறித்து நின்றாள். எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே சொன்னேன். சட்டத்தை எறிந்ததையும் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. புருவக் காயத்துக்கு நீ கதவு இடித்தது என்று சொல்லியிருக்கிறாய்.

"அப்ப எங்கூட்டுக்காரரே அவரைக் கொன்னுக்கிட்டாருன்னு நான் ஊருக்குள்ள சொல்லோணும். அதானுங்களே?"

"நானும் சேர்ந்துதான்னு நான் சொல்றேன் கண்ணு. ஆனா நீ சொன்னாத்தான் நிறுத்துவாங்க."

அவள் என் தலையிலிருந்த தையல் தழும்பைப் பார்த்தாள்.

"மேல ஏறிச் சொரண்டிக் காட்டுங்க. நான் கீழ நின்னு பாக்கறேன். அதுல அவரு கை இல்லாமப் போச்சுன்னா, உங்களை எறங்கவே உடமாட்டேன்."

நேற்றுக் காலை, காற்று எழும்புவதற்கு முன் போனோம். ஓட்டுவதற்காக ஏணி, பெட்டிப் பூட்டையெல்லாம் கழற்றி வைத்திருந்தார்கள். மருதாயியையும் மற்ற ஆட்களையும் சரசு கூப்பிட்டு வரப்புக்கு அப்பால் நிறுத்தினாள். நான் உளியும் சம்மட்டியும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினேன். ஐம்பது வயதில் ஏணி ஏறுவது நெஞ்சில் தெரிகிறது, மாப்பிள்ளை. உச்சியிலிருந்த இயந்திரப் பெட்டி மேல் உட்கார்ந்து, செங்குத்தாக நின்ற இறக்கையின் அடியில் உளியை வைத்து அடித்தேன். முதல் அடியிலேயே பட்டி ஓடாகப் பெயர்ந்தது. கீழே விசிறி.

அந்தப் பட்டித் துண்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேல்பூச்சு உதிர்ந்த ஓரம் நெடுக உன் பெருவிரல் ஒற்றி ஒற்றி அமுக்கிய பள்ளம். உன் வீட்டுச் சமையலறை ஜன்னல் கண்ணாடியைச் சுற்றியும் நீ பட்டியை அப்படித்தான் அமுக்கி வைத்திருக்கிறாயாம். அவள் தன் பெருவிரலை அந்தப் பள்ளங்களில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். அழவில்லை. வரப்புப் பக்கம் திரும்பி, காடு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"இது என்ற புருசன் கைதானுங்க! தெரியாமத் தேச்சுப்போட்டாருங்க! ஆரும் இதுக்கடியில நிக்காதீங்க!"

மருதாயி களைக்கொத்தைக் கீழே போட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

பிறகு சரசு என்னைப் பார்த்து, "இன்னும் என்னத்துக்கு நிக்கறீங்க? இதைப் பாத்தாங்கன்னா மறுபடி பட்டி பூசிப்போடுவாங்க. ஒடச்சு உடுங்க" என்றாள். நீ செத்துக் கிடந்த அதே மாதிரிப் பெட்டியைத் திறந்து பிரேக் கைப்பிடியைப் பிடித்தாள். நான் மறுபடி ஏறினேன்.

அடியிலிருந்து இரண்டு அடி மேலே என் வடிவம் தொடங்குகிறது. உள்ளே வெறும் கூடு. அந்த இடத்தில் சம்மட்டியால் அடித்தேன். மேல்முதுகின் அந்த உப்பலுக்காக நான் எத்தனை நாள் தூங்காமல் இருந்திருப்பேன்! அதன் மேலேயே அடித்தேன். கண்ணாடி நார் கையைக் கிழித்தது. தலை நுழையும் ஓட்டை விழும்வரை அடித்தேன். சரசு பிரேக்கைத் தளர்த்தி அடுத்த இறக்கையை மேலே கொண்டுவந்தாள். அதையும் அடித்தேன், மூன்றாவதையும் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் யாராவது ஒருவர் பெயர் வாயில் வந்தது. பெங்களூர்க்காரன், டாக்டர், முதலாளி. மூன்றாவது இறக்கையில் உன் பெயர் வந்தது. கடைசி அடிகள் எல்லாம் என் பெயருக்கு.

இறங்கியபோது போலீஸ் நின்றிருந்தது. மாலை வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். இன்ஸ்பெக்டர் பட்டித் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வழக்கு போட்டாச்சுங்க, என்ன பண்றது" என்று டீ வாங்கிக் கொடுத்தார். முதலாளி வந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஒன்னை ஒடச்சுப்போட்டீங்க. மூணாவது காத்தாலை வர்ற வெள்ளிக்கெழமை ஓடுமுங்க. காவலுக்கு ஆள் போட்டிருக்கறேன்."

இன்று புதன். அந்த மூன்றாவது காற்றாலைக்குக் கீழேயும் காடு இருக்கிறது. காவலுக்கு இரண்டு பேராம், கையில் தடியாம். கைக் கட்டோடு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அறைக்கு வெளியே சரசு இரும்புக்கடைக்காரனோடு பேரம் பேசுகிற சத்தம் கேட்கிறது. பழைய சம்மட்டியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது.

"இதைவிடக் கனமா இல்லீங்களா? எங்கண்ணனுக்கு ஒரு கை ஆகாது, பாதி நாந்தான் அடிக்கோணும்."

மாப்பிள்ளை, உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீயும் என்னிடம் கேட்காதே. நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒன்பது இறக்கையில் மூன்று மட்டும் மிச்சம். நாளைக் காலை, காற்று எழும்புமுன், தடிக்காரர்கள் என் தலையை உடைத்தாலும் சரி, அந்த மூன்றையும் நானும் உன் பொண்டாட்டியும் உடைப்போம். வெள்ளிக்கிழமை அது ஓடாது.

உன் புருவத்தைக் கிழித்த உன் மச்சான்,
சரசுவின் அண்ணன்,
தெய்வசிகாமணி